மானுக்கும் குருவிக்கும் நிலத்தை விட்டவருக்கு வரிச் சலுகை: டெக்சஸ் வழி நம் ஊருக்குப் பொருந்துமா?

ஜூனிப்பர்க்காடு (ஆஸ்டின், டெக்சஸ்)

வணக்கம். யானை வழித்தடம் பற்றிய இழையில் ஒருவர், "சொந்த நிலத்தில் காட்டுயிரை வாழவிடுபவனுக்கு அரசு என்ன கொடுக்கிறது?" என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வி அங்கே நாலு பதிவுகளுக்குள் அமுங்கிப் போனது வருத்தமாக இருந்தது. தனி இழையாகவே தொடங்குகிறேன்.

நான் இருக்கும் டெக்சஸில் நிலப்பரப்பில் சுமார் 95 சதவீதம் தனியார் கையில் இருக்கிறது. அரசுக் காடு என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. ஆகவே மானோ காடையோ குருவியோ, அதன் தலைவிதி நிலத்துக்காரர் என்ன செய்கிறார் என்பதில்தான் இருக்கிறது. இன்னொன்று, இங்கே மாநில வருமான வரி கிடையாது. அந்தப் பாரத்தில் பெரும் பகுதி சொத்து வரியில் இறங்குகிறது. பள்ளிக்கூடம் நடப்பதே பெரும்பாலும் அந்தப் பணத்தில்தான். நகரத்துக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர் சந்தை விலைக்கு வரி கட்டினால் சில ஆண்டுகளில் நிலத்தை விற்றுத்தான் ஆக வேண்டும்.

இதற்காக 1978-இல் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தி, விவசாயத்தில் இருக்கும் நிலத்துக்கு விளைச்சல் மதிப்பை வைத்து வரி போடலாம் என்றார்கள். ஏக்கருக்குப் பல ஆயிரம் டாலர் போகும் மேய்ச்சல் நிலம், வரிக் கணக்கில் சில நூறு டாலர், பல இடங்களில் அதற்கும் கீழே என்று ஆகிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சலுகை வேண்டுமென்றால் மாடோ ஆடோ நிற்க வேண்டும், அல்லது பயிர் இருக்க வேண்டும். கால்நடையே வேண்டாம், காடாக விட்டுவிடுகிறேன் என்று நினைத்தவருக்குச் சலுகை போய்விடும். சுண்ணாம்புக்கல் தெரியும் மெலிந்த மண்ணில் வரிக்காகவே ஆட்டை நிறுத்தி, புல்லை வேரோடு மேயவிட்டு, மழைக்கு மண்ணும் போய்விட்ட நிலங்களை இங்கே இன்றும் காட்டலாம்.

1995 நவம்பரில் வாக்காளர்கள் இன்னொரு திருத்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். காட்டுயிர் மேலாண்மையும் விவசாயப் பயன்பாடாகவே கொள்ளப்படும் என்பது அது. வாழிடத்தைப் பராமரிப்பது, மண்ணரிப்பைத் தடுப்பது, இரைகொல்லிகளைக் கட்டுப்படுத்துவது, கூடுதலாக நீர் வைப்பது, தீனி வைப்பது, ஒதுங்கிடம் அமைப்பது, கணக்கெடுப்பது என்று ஏழு வேலைகளைச் சட்டம் சொல்கிறது. ஆண்டுதோறும் இதில் குறைந்தது மூன்று வேலைகளைச் செய்திருக்க வேண்டும். திட்டம் எழுதிக் கவுண்ட்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) மதிப்பீட்டு அலுவலகத்தில் ஏப்ரல் முடிவதற்குள் கொடுக்க வேண்டும். செய்த வேலைக்கு ஆண்டறிக்கையும் கேட்பார்கள்.

திட்டம் நன்றாக எழுதப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். இங்கே கோல்டன் சீக்டு வார்ப்ளர் என்று ஒரு சிறு குருவி உண்டு. உலகத்தில் வேறெங்கும் குஞ்சு பொரிக்காது, டெக்சஸின் நடுப்பகுதியில் மட்டும்தான். குளிர்காலத்துக்குத் தெற்கு மெக்சிகோ, மத்திய அமெரிக்கா என்று போய்விடும். கூடு கட்ட அதற்கு வயதான ஜூனிப்பர் மரத்தின் பட்டை வேண்டும். இளமரத்தில் பட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். முதிர்ந்த மரத்தில்தான் நார் நாராக, கைக்கு நீளவாக்கில் உரிந்து வரும். பெண் குருவி அந்த நாரை உரித்து, சிலந்தி வலையைச் சேர்த்துக் கிண்ணம் போலக் கூட்டைக் கட்டுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் கிளையின் புடைப்பு என்றே நினைப்போம். புல்வெளி வேண்டும் என்று ஜூனிப்பரை மொத்தமாகத் தள்ளிய காலத்தில் முதலில் போனது இந்த மரங்கள்தான். இப்போது நல்ல திட்டம் எழுதுபவர்கள் பள்ளத்தாக்குச் சரிவில் இருக்கும் முதிர்ந்த மரங்களைத் தொடாமல், சமவெளியில் பரவிய இளமரங்களை மட்டும் வெட்டச் சொல்கிறார்கள். இரண்டுமே வாழிடப் பராமரிப்பு என்ற தலைப்பில் வருகிறது. நிலத்துக்காரர் முன்பு கட்டிய அதே வரிதான் கட்டுகிறார், ஆனால் நிலத்தில் நடப்பது முற்றிலும் வேறு.

இது நம் நாட்டுக்கு ஒத்துவருமா என்று பேச ஆசை.

வரவுசெலவு (சென்னை)

நல்ல பதிவு ஐயா. தொழிலால் பட்டயக் கணக்காளன் என்பதால் இதன் மறுபக்கத்தையும் வைத்துவிடுகிறேன்.

வரிச் சலுகை என்றாலே அதிக வரி கட்டுபவனுக்கு அதிக லாபம். அமெரிக்காவிலேயே கன்சர்வேஷன் ஈஸ்மெண்ட் என்ற ஏற்பாட்டுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். நிலத்தைக் கூறுபோடவும் அதில் கட்டடம் எழுப்பவும் உள்ள உரிமையை நிரந்தரமாக விட்டுக்கொடுத்து ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்தால், அதனால் நிலத்தின் மதிப்பு எவ்வளவு குறைந்ததோ அந்தத் தொகையை நன்கொடையாகக் கருதிக் கூட்டரசு வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். 2015-இல் இதை இன்னும் தாராளமாக்கி நிலைப்படுத்தினார்கள். ஆண்டு வருமானத்தில் பாதி வரை கழிக்கலாம், விவசாயியாக இருந்தால் முழுவதுமே கழிக்கலாம், மிச்சத்தைப் 15 ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்லலாம்.

நோக்கம் உயர்ந்தது. ஆனால் கூட்டு வைத்து நிலம் வாங்கி, அதில் பெரிய விடுதி கட்டியிருக்கலாம் என்று மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்கி, பல மடங்கு ஊதிய தொகையைப் பங்குதாரர்கள் கழித்துக்கொண்டார்கள். போட்ட பணத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் கழிவு வாங்கித் தருவதாகச் சொல்லி விற்கும் திட்டங்களை 2016 டிசம்பரில் வருமான வரித்துறை கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. அதற்கும் அடங்கவில்லை. 2022 டிசம்பரில் சட்டமே போட்டு அந்த இரண்டரை மடங்கை உச்சவரம்பாக்கினார்கள். கால்ஃப் மைதானத்துக்குக்கூட இந்தக் கழிவைக் கேட்டு வழக்குகள் நடந்திருக்கின்றன. ஒரு நரிக்கும் முயலுக்கும் அதனால் என்ன கிடைத்தது?

மதிப்பீட்டாளரின் காகிதத்தை நம்பி வரியை விட்டுக்கொடுப்பது ஆபத்து. அதுதான் என் முதல் ஆட்சேபம். இரண்டாவது இன்னும் பெரியது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

ஜூனிப்பர்க்காடு

ஈஸ்மெண்ட் மோசடி பற்றி நீங்கள் சொன்னது முழு உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் டெக்சஸ் முறை வேறு தினுசு. இங்கே யாரும் ஊதிய மதிப்பை எழுதி வாங்க முடியாது. ஏற்கெனவே விவசாய மதிப்பீட்டில் இருந்த நிலம்தான் காட்டுயிர் மதிப்பீட்டுக்கு மாறலாம். மாறினால் வரி மேலும் குறையாது, அதே வரிதான். பள்ளிக்கூடத்துக்கும் கவுண்ட்டிக்கும் புதிதாக ஒரு டாலர் நஷ்டம் இல்லை. ஆட்டை மேயவிட்டால்தான் சலுகை என்ற கட்டாயம் போனது, அவ்வளவே. நிலத்தின் உபயோகத்தை மாற்றி வீட்டுமனை போட்டால் முந்தைய மூன்று ஆண்டுக்கு விட்டுக்கொடுத்த வரியைத் திருப்பி வசூலிப்பார்கள். 2019 வரை அது ஐந்து ஆண்டாக இருந்தது, 2021 வரை வட்டியும் உண்டு. குறைத்தது எனக்குப் பிடிக்கவில்லை.

பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. ஏழில் மூன்று என்பதை மிக எளிதாக நிறைவேற்றிவிடலாம். ஒரு தண்ணீர்த் தொட்டி, சில கூட்டுப் பெட்டிகள், ஒரு கணக்கெடுப்பு. சிறு நிலம் வாங்கி வார இறுதிக்கு வருகிறவர்களில் பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். நேரில் வந்து பார்க்கும் அலுவலர் குறைவு.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு தகவல். வெளிமான்கள் இங்கே பெரிய எண்ணிக்கையில் இருக்கின்றன. கோடியக்கரையிலும் கிண்டியிலும் வல்லநாட்டிலும் பார்க்கிறீர்களே, அதே வெளிமான். 1930-களில் வேட்டைக்காகக் கொண்டுவந்து பண்ணைகளில் விட்டார்கள். புள்ளிமானும் நீலமானும் அப்படி வந்தவைதான். நிலத்தில் வெளிமான் மந்தையே நின்றாலும் இந்தச் சலுகைக்கு அது கணக்கில் வராது. மண்ணுக்குரிய உயிரினத்தைப் பெருக்க வேண்டும் என்று சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. எனக்கு இது மிகச் சரியான விதியாகப் படுகிறது.

ஈரநிலம் (ரொறன்ரோ)

ஒன்ராறியோவில் இருந்து எழுதுகிறேன். இங்கே இரண்டு திட்டங்கள் உண்டு. காணிக்குள் மாகாண முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமோ அருகிவரும் உயிரினத்தின் வாழிடமோ இருந்து, அதைச் சிதைக்காமல் வைத்திருந்தால், அந்தத் துண்டுக்குச் சொத்து வரி முழுவதும் விலக்கு. அரை ஏக்கர் இருந்தாலே போதும். எது முக்கியமான ஈரநிலம் என்பதை மாகாண அரசே வரைபடத்தில் குறித்துவைத்திருக்கிறது. உரிமையாளரின் சொல்லை மட்டும் வைத்து அங்கே சலுகை கிடைக்காது. "வரவுசெலவு" அண்ணா எழுப்பிய முதல் ஆட்சேபத்துக்கு இதை ஒரு பதிலாகச் சொல்லலாம்.

மற்றது காட்டுக்கானது. 4 ஹெக்டேயர் மரக்காடு இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஒருவர் சரிபார்த்த பத்தாண்டுத் திட்டம் இருந்தால், குடியிருப்பு வரியில் கால்வாசி கட்டினால் போதும்.

எங்கள் ஆட்களில் வடக்கே காணி வாங்குகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். அநேகருக்கு இந்தத் திட்டங்கள் இருப்பதே தெரியாது. வாங்கிய கையோடு சதுப்பை மண் போட்டு நிரவி வீட்டுக்குப் பாதை போட நினைக்கிறார்கள். பனி உருகிய கையோடு அந்தச் சதுப்பில் தவளைகள் கத்தும் சத்தம் வீதி வரைக்கும் கேட்கும். அதை நிரவாமல் விட்டால் வரியும் மிச்சம் என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் கேட்கக்கூடியவர்கள்தான். இதை வாசிக்கும் ஒன்ராறியோ உறவுகள் தயவுசெய்து உங்கள் காணியின் வரைபடத்தை ஒருமுறை பாருங்கள்.

சட்டமாணவி (கோயம்புத்தூர்)

நம் நாட்டில் இதற்குச் சட்டமே இல்லையா? வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் சமுதாயக் காப்பகம் என்று படித்தேனே.

வரவுசெலவு

இருக்கிறது தங்கை. 2002-இல் திருத்தம் கொண்டுவந்து 36-சி பிரிவைச் சேர்த்தார்கள். ஒரு சமூகமோ தனிநபரோ தாமாக முன்வந்தால் அவர்களுடைய நிலத்தைச் சமுதாயக் காப்பகமாக மாநில அரசு அறிவிக்கலாம். அறிவித்த பிறகு நிலத்தின் பயன்பாட்டை மாற்ற மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். பதிலுக்கு உரிமையாளருக்கு வரியில் என்ன கிடைக்கும் என்று தேடினால் ஒன்றும் இல்லை. கையைக் கட்டிக்கொள் என்கிறது, கையில் எதையும் வைக்கவில்லை.

இப்போது நான் சொல்லாமல் விட்ட இரண்டாவது ஆட்சேபம். இந்தியாவில் வேளாண் வருமானத்துக்கு மத்திய வருமான வரியே கிடையாது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10(1) பிரிவு காலம்தொட்டு இதுதான் நிலைமை. நிலத் தீர்வை கட்டியவர்களுக்குத் தெரியும், அந்தத் தொகையை நம்பி எந்தச் சலுகையும் கொடுக்க முடியாது. சரி, விற்கும்போதாவது வரி உண்டா? நகராட்சி எல்லையிலிருந்து மக்கள்தொகைக்கு ஏற்ப 2, 6 அல்லது 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் வேளாண் நிலம் மூலதனச் சொத்தே அல்ல. விற்ற பணத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை.

அதாவது கவுதாரி கூடு வைத்திருக்கும் நிலத்துக்கும், புல்டோசர் போட்டுச் சமன்செய்த நிலத்துக்கும் நம் வரிச் சட்டம் ஒரே சலுகையைக் கொடுக்கிறது, அதுவும் முழுச் சலுகை. காட்டுயிரைக் காப்பவனுக்கென்று தனியாகக் கொடுக்க நிதியமைச்சரின் பெட்டியில் எதுவும் மிச்சமில்லை. டெக்சஸில் வரி கழுத்தை நெரிக்கிறது, ஆகவே தளர்த்தினால் மூச்சு வருகிறது. இங்கே விவசாயியின் கழுத்தில் அந்தக் கயிறே இல்லை.

கிளுவைவேலி (காங்கேயம்)

அண்ணன் சொன்னதை என் நிலத்தை வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் கொறங்காடு என்று சொல்வோம். தாராபுரம், கரூர் வரை பரவியிருக்கும் தனியார் மேய்ச்சல் நிலம். உழவு கிடையாது, பாசனம் கிடையாது. கொழுக்கட்டைப்புல் தானாக வரும், இடையிடையே வெள்வேலமரம் நிற்கும், சுற்றிலும் முள்கிளுவை வேலி. காட்டைத் துண்டு துண்டாக அடைத்து, ஒரு துண்டில் மாடும் ஆடும் மேயும்போது மற்றதை ஆறப் போடுவோம். வெள்வேலங்காய் உதிரும் காலத்தில் ஆடுகள் மரத்தடியை விட்டு நகராது. காங்கேயம் மாட்டின் உடற்கட்டு இந்தப் புல்லில் வளர்ந்தது.

வேலியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கிளுவைப் போத்தை நெருக்கமாக நட்டு, வளர வளரக் கிளைகளைக் குறுக்கே பின்னிவிட்டால் அடியில் ஒரு முழ அகலத்துக்குப் புதர் கட்டிவிடும். அதற்குள் ஓணான், கீரி, பாம்பு, கவுதாரிக் குஞ்சு எல்லாம் இருக்கும். நாய் மூக்கை நுழைக்க முடியாது. காட்டுமுயல் மட்டும் அடியில் வழி வைத்துக்கொண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போகும். விடியற்காலையில் ஆட்காட்டிக் குருவி கத்தினால் காட்டுக்குள் யாரோ வந்திருக்கிறார்கள் என்று பட்டியில் படுத்தபடியே தெரிந்துகொள்வோம்.

இந்த நிலத்தை யாரும் காடு என்று சொல்வதில்லை. எங்கள் ஊர் அடங்கலில் (எந்த நிலத்தில் என்ன இருக்கிறது என்று எழுதும் கிராமப் பதிவேடு) பல கொறங்காடுகள் தரிசு என்றே ஏறியிருக்கின்றன. காற்றாலை வந்தது, சோலார் வந்தது, மனை வந்தது. தரிசுதானே என்று சொல்லித்தான் கேட்கிறார்கள். சோலாருக்குக் குத்தகை பேசினால் ஆடு மேய்த்து வருவதைவிடப் பல மடங்கு வருகிறது. வேலி வெட்ட ஆள் கூலி, போத்து நட ஆள் கூலி. பிள்ளைகள் திருப்பூருக்கு வேலைக்குப் போன வீட்டில் வேலியைப் பிரித்துவிட்டுக் கம்பி இழுக்கிறார்கள். கம்பி வேலிக்குள் கவுதாரி எங்கே முட்டை வைக்கும்?

வரியைக் குறைக்கிறேன் என்று என்னிடம் யாராவது வந்தால் நான் என்ன சொல்வது? இல்லாத வரியில் எதைக் குறைப்பார்கள்? வேலிக்குக் கூலி கொடுத்தால் புரிகிறது.

கூழைக்கடா (மைசூரு)

காங்கேயத்து நண்பர் சொன்ன கூலி முறை பக்கத்திலேயே இருக்கிறது. மண்டியா மாவட்டத்தில் கொக்கரே பெள்ளூர் என்ற கிராமம். வீடுகளுக்கு நடுவே நிற்கும் புளியமரங்களிலும் ஆலமரங்களிலும் கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் கூடு வைக்கும். காய் பறிக்கக் கொக்கியும் கழியும் மரத்தில் ஏறினால் கூடு கலைந்துவிடும். பறிக்காவிட்டால் புளி போச்சு. அந்த இழப்புக்காகக் கர்நாடக வனத்துறை மரத்தின் சொந்தக்காரருக்குப் பணம் கொடுக்கும் வழக்கம் பல பத்தாண்டுகளாக உண்டு. 2007-இல் அந்த ஊரைச் சமுதாயக் காப்பகமாகவும் அறிவித்தார்கள்.

நேரில் போனவர்களுக்குத் தெரியும், மரத்தடியில் குழி வெட்டி வைத்திருப்பார்கள். எச்சம் விழ விழ அதில் ஏரி வண்டலைக் கலந்து வயலுக்கு எருவாக எடுத்துப் போவார்கள். இலைகள் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்து, கீழே நிற்க முடியாத நாற்றம் அடிக்கும். அந்த நாற்றத்தோடு குடும்பம் நடத்துகிறவர்கள் அவர்கள். நெல்லைப் பக்கம் பறவைகள் கூடும் கூந்தன்குளத்திலும் இதே பொறுமையைப் பார்த்திருக்கிறேன்.

கொடுக்கும் தொகை சிறிது என்றும் நேரத்துக்கு வருவதில்லை என்றும் ஊரில் குறை சொல்வார்கள். அந்தக் குறை நியாயமானது. புளி விலை ஏறிக்கொண்டே போக, மரத்துக்கான தொகை அப்படியே நின்றால் ஒருநாள் மரம் வெட்டப்படும்.

சட்டமாணவி

பணத்தைப் பொது நிதியிலிருந்து கொடுத்தால் ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டில் கெஞ்ச வேண்டுமே? வரிச் சலுகைக்கு அந்தத் தொல்லை இல்லை அல்லவா?

ஜூனிப்பர்க்காடு

நல்ல கேள்வி. கோஸ்டா ரிகா இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. 1996-ஆம் ஆண்டின் வனச் சட்டத்தில், காட்டைக் காக்கும் நிலத்துக்காரருக்கு ஒப்பந்தம் போட்டுப் பணம் கொடுக்கிறார்கள். பெட்ரோல், டீசலுக்குப் போடும் வரியில் 3.5 சதவீதத்தை அதற்கென்றே ஒதுக்கிவிட்டதால் நிதியமைச்சரைக் கெஞ்ச வேண்டிய அவசியம் குறைந்தது. காற்றிலுள்ள கரியமிலத்தை மரத்தில் பிடித்துவைப்பது, நீரைக் காப்பது, பல்லுயிரைக் காப்பது, அழகைக் காப்பது என்று நான்கு பயன்களுக்கு விலை என்று சட்டமே பேசுகிறது.

சோலைமந்தி (வால்பாறை)

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். வேளாண் வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் கதவு முழுவதும் அடைத்துவிட்டது என்று "வரவுசெலவு" அண்ணா சொல்வதை ஏற்க மாட்டேன். தேயிலையை மறந்துவிட்டீர்கள்.

வால்பாறை மேட்டு நிலத்தைச் சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். நடுவே தேயிலையும் காப்பியும். தோட்டங்களுக்குள் மழைக்காட்டின் துண்டுகள் ஆங்காங்கே தப்பிப் பிழைத்திருக்கின்றன. சிங்கவால் குரங்கு, அதாவது எங்கள் சோலைமந்தி, அவற்றில் குடும்பம் குடும்பமாக வாழ்கிறது. யானைகள் பகலில் அந்தச் சோலைத் துண்டில் நின்றுவிட்டு இரவில் தேயிலைக்குள் இறங்கி அடுத்த துண்டுக்குப் போகும். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2000-களின் தொடக்கத்திலிருந்து தோட்ட நிர்வாகங்களோடு பேசி, களை அகற்றி, நாட்டு மரக்கன்றுகளை நட்டு இந்தத் துண்டுகளை மீட்டு வருகிறது. எல்லாமே நல்லெண்ணத்தின் பேரில் நடப்பது. நிர்வாகம் மாறினால் நல்லெண்ணமும் மாறலாம்.

தேயிலையை விளைவித்து ஆலையில் அரைத்து விற்கும் நிறுவனத்தின் லாபத்தில் 60 சதவீதம் வேளாண் வருமானம், 40 சதவீதம் தொழில் வருமானம். அந்த 40-க்கு மத்திய வருமான வரி உண்டு. அங்கே கயிறு இருக்கிறது அண்ணா, தளர்த்தவும் இடம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 2015 முதல் இப்படி ஒன்று நடக்கிறது. தனியார் நிலத்தைக் குறைந்தது 99 ஆண்டுக்கு இயற்கைக் காப்பகமாக எழுதிக் கொடுத்தால், ஆண்டுதோறும் நிலத்தின் மதிப்பில் 4 சதவீதம் என்று 25 ஆண்டுகள் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். நிலம் அவர்களுடையதாகவே இருக்கும்.

ஆனால் இதைவிட அவசரமானது ஒன்று இருக்கிறது. மலையில் நிலம் வைத்திருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள், பணத்துக்கு முன்னால் பயத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். பக்கத்துக் கேரளத்தில் சூழல் நொய்ம்மையுள்ள நிலங்கள் பற்றி 2003 என்ற ஆண்டைப் பெயரில் கொண்ட ஒரு சட்டம் இருக்கிறது. அரசுக் காட்டை ஒட்டிக் காடாக இருக்கும் தனியார் நிலம் அரசுக்குப் போய்விடும், அதற்கு இழப்பீடு கிடையாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. இதைக் கேட்ட சிறு ஏலக்காய்க்காரர் என்ன நினைப்பார்? தோட்டத்தில் மரம் அடர்ந்தால் ஆபத்து, நாலு மரத்தைக் குறைத்துவிடலாம் என்றுதான். இயற்கையைக் காக்கும் சட்டத்தைக் கேட்டு இயற்கையை வளர்த்தவர் கோடாரியைத் தேடுவது எவ்வளவு பெரிய கொடுமை! எங்கள் பக்கமும் அந்தப் பயம் மலை தாண்டி வந்துவிட்டது. "சோலைத் துண்டை நல்லபடியாக வைத்தால் நாளை வனத்துறை கல் நட்டுவிடும்" என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள்.

ஜூனிப்பர்க்காடு

அக்கா, இதே பயம் இங்கேயும் இருந்தது. வட கரோலினாவில் ரெட் காக்கேடட் மரங்கொத்தி என்று ஒன்று, வயது முதிர்ந்த பைன் மரத்தில்தான் பொந்து குடையும். அது வந்து தங்கிவிட்டால் மரத்தைத் தொட முடியாது என்பதால், மரம் முதிரும் முன்பே வெட்டிவிட்டார்கள் நிலத்துக்காரர்கள். பாதுகாப்புச் சட்டமே வாழிடத்தைக் குறைத்தது. 1995-இல் அங்கேயுள்ள சேண்ட்ஹில்ஸ் பகுதியில் ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தார்கள். இன்று உன் நிலத்தில் எத்தனை பறவைக் கூட்டம் இருக்கிறதோ அதைக் குறைக்காதே, அதற்கு மேல் வந்து சேர்ந்தால் அதற்காகப் புதுக் கட்டுப்பாடு எதுவும் போட மாட்டோம் என்று அரசு எழுதிக் கொடுத்தது. பெரிய பணம் கைமாறவில்லை. எழுத்தில் ஓர் உறுதி கிடைத்ததும் நிலத்துக்காரர்கள் முதிர்ந்த மரத்தை நிற்க விட்டார்கள்.

வரவுசெலவு

தேயிலை பற்றிச் சொன்னது சரியான திருத்தம் அம்மா. அந்த 40 சதவீதத்தில் கழிவு கொடுக்கலாம், ஆனால் இரண்டு நிபந்தனையோடு. ஒன்று, எந்தச் சோலைத் துண்டுக்குக் கழிவு என்பதை ஒன்ராறியோ போல அரசு வரைபடம் குறிக்க வேண்டும், நிறுவனம் குறிக்கக் கூடாது. இரண்டு, கழிவை நிலத்தின் சந்தை மதிப்போடு கட்டக் கூடாது. களை எடுத்த கூலி, நட்ட கன்று, நியமித்த காவலர் என்று மெய்யாகச் செலவழித்த தொகையோடு கட்ட வேண்டும். செலவுச் சீட்டைத் தணிக்கையாளர் பார்க்கலாம், ஊகத்தைப் பார்க்க முடியாது.

கொறங்காட்டுக்கு இது எதுவும் உதவாது என்பதில் எனக்கு மாற்றமில்லை. அங்கே பணம் நேரடியாகப் போக வேண்டும்.

கிளுவைவேலி

எனக்கு அக்கா சொன்ன பயம் பற்றித்தான் கேள்வி. பணம் கொடுக்கிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு, நாளை என் மகன் அந்தத் துண்டில் கிணறு வெட்டக் கூடாது, வீடு கட்டக் கூடாது என்றால் ஊரில் ஒருவர் கையெழுத்துப் போட மாட்டார். தலைமுறைக்கும் கட்டிப் போடும் தென்னாப்பிரிக்க முறை எங்களுக்கு வேண்டாம். ஐந்து வருடமோ பத்து வருடமோ ஒப்பந்தம் போடுங்கள். வேலி கிளுவையாக இருக்க வேண்டும், உழக் கூடாது, வெள்வேலத்தை வெட்டக் கூடாது, இத்தனை ஆட்டுக்கு மேல் மேயக் கூடாது என்று சொல்லுங்கள். செய்தால் பணம், செய்யாவிட்டால் இல்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். அடங்கலில் தரிசு என்பதை மாற்றி மேய்ச்சல் காடு என்று ஏற்ற வேண்டும். அதற்கு அரசுக்கு ஒரு பைசா செலவில்லை. பெயர் மாறினால் சோலார்காரர் வந்து கேட்கும்போது, இது சும்மா கிடக்கும் நிலம் என்று யாரும் பேச முடியாது.

சோலைமந்தி

தம்பி, பத்து வருடம் என்றால் யானைக்கும் சோலைமந்திக்கும் போதாது. மழைக்காட்டு மரம் ஒன்று கிளை விரிக்கவே அதைவிட நாளாகும். கவுதாரிக்கும் முயலுக்கும் அது சரிவரலாம். இரண்டு நிலத்துக்கும் ஒரே சட்டத்தை எழுதினால் ஒன்று கெடும்.

கிளுவைவேலி

ஒத்துக்கொள்கிறேன் அக்கா. மலைக்கு நீண்ட ஒப்பந்தமும் எங்களுக்குக் குறுகியதும் இருக்கட்டும்.

டெக்சஸ் அண்ணன், அந்த ஆண்டறிக்கையில் என்ன கேட்பார்கள்? நிலத்துக்காரரே எழுதுவதா, அதிகாரி வந்து எழுதுவதா?

ஜூனிப்பர்க்காடு

நிலத்துக்காரரே எழுதுவதுதான் தம்பி. ஏழு வேலைக்கும் தனித்தனித் தலைப்பு இருக்கும். எதைச் செய்தோமோ அதைக் குறித்து, எங்கே, எந்த மாதம், எவ்வளவு பரப்பு என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். படம், ரசீது, வரைபடம் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது, அலுவலகம் சந்தேகப்பட்டால் கேட்பார்கள். கொறங்காட்டுக்கு எழுதினால் எளிதாக இருக்கும். வேலியில் எத்தனை அடி புதிதாகப் போத்து நட்டீர்கள், எந்தத் துண்டு எத்தனை மாதம் ஆறியது, மழைக்குப் பின் எத்தனை கவுதாரிச் சத்தம் கேட்டது என்று. கடைசியில் சொன்னதுதான் கணக்கெடுப்பு. விடியற்காலையில் ஒரே பாதையில் நடந்து குறித்தால் போதும், ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அதே பாதை, அதே மாதமாக இருக்க வேண்டும்.

சட்டமாணவி

கிளுவைவேலி அண்ணா, அடங்கலில் வகை மாற்றக் கோரும் மனுவை நான் வரைந்து தருகிறேன். கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். சர்வே எண்களும் இப்போது அடங்கலில் இருக்கும் பதிவின் நகலும் வேண்டும். எண்களைப் பொதுவில் போடாமல் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

கிளுவைவேலி

அனுப்புகிறேன் தங்கை. எங்கள் ஊரில் இன்னும் மூன்று பேர் கொறங்காடு வைத்திருக்கிறார்கள். அவர்களிடமும் கேட்டு, நாலு பேர் நிலத்துக்கும் சேர்த்தே மனுக் கொடுக்கலாம். ஐப்பசி மழைக்குப் போத்து நடும் வேலை தொடங்கிவிடும். அதற்கு முன் நகல் எடுத்துவிடுகிறேன்.